ஒன்பது வருடம் கழித்து எலும்பில் வந்தது: பரவுவதற்கென்று தனி மரபணு உண்டா?

மழைக்காகம்:

வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், எழுதுவது இதுதான் முதல் தடவை, தப்பாக ஏதாவது கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் அக்காவுக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ். அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு, அப்புறம் டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மருந்து மாத்திரை என்று எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்தார். ஐந்து வருடம் தாண்டியதும் இனிக் கவலையில்லை என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். ஒன்பதாவது வருடம் இடுப்பு வலி என்று போனால் இடுப்பெலும்பில் இருக்கிறது என்றார்கள். லெட்ரோசோலும் பால்போசிக்லிப்பும் கொடுத்ததில் இரண்டு வருடம் அடங்கிக் கிடந்தது. இப்போது ஸ்கேனில் கல்லீரலில் இரண்டு புள்ளி.

இரத்தம் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் இரண்டே வரி. பிஐகே3சிஏ ஹெச்1047ஆர், 11 சதவீதம். ஈஎஸ்ஆர்1 ஒய்537எஸ், 1.8 சதவீதம். மருத்துவரைப் பார்க்க இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, அதுவரை தூக்கம் வராது என்பதால் இங்கே கேட்கிறேன். இந்த ஈஎஸ்ஆர்1 தான் நோயைப் பரப்பிய மரபணுவா? இப்போது வந்திருப்பது எலும்புப் புற்றும் கல்லீரல் புற்றுமா? எனக்கு ஒரு மகள், அக்காவுக்கு இரண்டு பெண்கள். உறவில் ஒருவர் "மரபணுவிலேயே இருக்கிறது என்றால் குடும்பத்தையே விடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

பழைய நர்ஸ்:

தம்பி, நடுவில் கேட்ட கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன், மற்றதற்கு இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கல்லீரலில் இருப்பது கல்லீரல் புற்று கிடையாது. அங்கே போய்க் குடியேறிய மார்பக செல். அதை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் கல்லீரல் செல் மாதிரி இருக்காது, சாயம் ஏற்றிப் பார்த்தால் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் கேட்டா3 என்கிற புரதமும் தெரியும், அது மார்பகத்தின் முத்திரை. அதனால்தான் மருந்தும் மார்பகப் புற்றுக்கான மருந்தாகவே இருக்கும். "மூன்று புற்றுநோய் வந்துவிட்டது" என்று வீட்டில் யாராவது சொன்னால் திருத்திவிடுங்கள். ஒன்றுதான், மூன்று இடத்தில்.

செல்வழி:

நண்பரே, நான் ஆய்வுக்கூடத்தில் செல் வளர்க்கிறவன், மருத்துவர் கிடையாது. ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிற இரண்டு சதவீத எண்களே உங்கள் பயத்தில் பாதியைக் குறைத்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

"மரபணு" என்ற ஒரே சொல்லை மூன்று வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. முதலாவது, பிறக்கும்போதே அம்மா அப்பாவிடமிருந்து வந்த மாற்றம், உடம்பில் எல்லா செல்லிலும் இருக்கும், பிள்ளைகளுக்கும் போகலாம். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 அந்த வகை. இரண்டாவது, வாழ்நாளில் ஏதோ ஒரு மார்பக செல்லில் எழுத்துப்பிழை விழுந்து, அந்தக் கட்டியில் மட்டும் இருப்பது. அது பிள்ளைகளுக்குப் போக வழியே இல்லை. மூன்றாவது, எழுத்து எதுவும் மாறாமல், இருக்கிற மரபணு அதிகமாக வேலை செய்வது அல்லது ஓய்ந்துபோவது. பரவலில் இந்த மூன்றாவதுதான் பெரிய ஆள், ஆனால் ரிப்போர்ட்டில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது.

இப்போது எண்களுக்கு வருவோம். பிறவியிலேயே வந்த மாற்றமாக இருந்தால் இரத்தத்தில் உள்ள அந்த மரபணுப் பிரதிகளில் அது ஏறத்தாழ 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும், ஏனென்றால் அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, வெள்ளணுக்கள் எல்லாவற்றிலும் பாதிக்குப் பாதி. உங்கள் ரிப்போர்ட்டில் 11, 1.8. இரண்டுமே கட்டி செத்து உதிர்த்த டிஎன்ஏ. அந்த உறவினரிடம் இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது, 1.8 ஏன் 11ஐ விடக் குறைவு? உங்கள் அக்காவுக்கு இருப்பது போல ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள ஹார்மோன் வகை மார்பகப் புற்றுகளில் பத்தில் நான்கு வரை பிஐகே3சிஏ மாறியிருக்கும். அது பெரும்பாலும் ஆரம்பத்திலேயே விழுந்த மாற்றம், அடிமரம் மாதிரி, எல்லாக் கிளையிலும் இருக்கும். ஈஎஸ்ஆர்1 பின்னால் முளைத்த கிளை. ஒய்537எஸ் என்றால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்ற புரதத்தில் 537ஆவது இடத்தில் டைரோசினுக்குப் பதில் செரின் உட்கார்ந்துவிட்டது. அந்த ஒரு மாற்றத்தால் ஏற்பி ஈஸ்ட்ரோஜன் வராமலேயே எப்போதும் "ஆன்" நிலையில் நிற்கும். லெட்ரோசோல் என்ன செய்கிறது? உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே வற்றவைக்கிறது. எல்லா செல்லும் பட்டினி கிடக்கும்போது, பட்டினியே தெரியாத ஒரு செல் இருந்தால் அது மட்டும் பெருகும். சிகிச்சை பெறாத முதல் கட்டிகளில் இது மிக அரிது, ஹார்மோன் மருந்துக்குப் பிறகு பரவிய நோயில்தான் அடிக்கடி என்று 2013இல் பல குழுக்கள் அடுத்தடுத்துக் காட்டின. ஆக, இடுப்பெலும்புக்குப் போனதற்கு ஈஎஸ்ஆர்1 காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. போன இடத்தில் மருந்துக்குத் தப்பிக்கக் கற்றுக்கொண்டதற்கான அடையாளம் அது. மருத்துவரைப் பார்க்கும்போது எலாசெஸ்ட்ரான்ட் பற்றிக் கேளுங்கள். இந்த மாற்றம் உள்ளவர்களுக்காக 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரை. பிஐகே3சிஏவுக்கும் அல்பெலிசிப், காபிவாசெர்டிப் என்று மருந்துகள் உண்டு. எது பொருந்தும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

எதிர்வாதி:

அழகாக விளக்கினீர்கள், ஆனால் கேள்வியிலிருந்து நழுவிவிட்டீர்கள். ஈஎஸ்ஆர்1 இல்லை என்றால் வேறு எது? ஒருவருக்குப் பரவுகிறது, பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்குப் பரவவில்லை. ஏதோ ஒரு மரபணு இருந்தாக வேண்டும். "அதெல்லாம் சிக்கலானது" என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது.

செல்வழி:

நீங்கள் கேட்கிற மரபணுவைத் தேடாமல் யாரும் இருக்கவில்லை. மீண்டும் வந்த அல்லது பரவிய நோயுள்ள 170 பேரின் மாதிரிகளை 2017இல் வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். 2019இல் பரவிய நிலையில் இருந்த 617 பேரின் கட்டிகளை இன்னொரு குழு பார்த்தது. ஹார்மோன் வகையில் டிபி53, ஈஎஸ்ஆர்1, கேட்டா3, என்எஃப்1, ஆர்பி1 உட்பட ஒன்பது மரபணுக்கள் முதல்நிலைக் கட்டிகளைவிடப் பரவிய கட்டிகளில் அடிக்கடி மாறியிருந்தன. ஆனால் பரவியவர்கள் எல்லோரிடமும் இருக்கிற, பரவாதவர்களிடம் இல்லாத மாற்றம் என்று ஒன்றுகூட இல்லை. மார்பகத்தில் கட்டியை உண்டாக்கிய அதே மாற்றங்கள்தான் பெரும்பாலும் எலும்பிலும் கல்லீரலிலும் கிடைத்தன.

பிறகு எப்படிப் பரவுகிறது? இங்கேதான் நான் சொன்ன மூன்றாவது வகை. நியூயார்க்கில் ஜோன் மசாகே குழு செய்ததைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த பரிசோதனை. ஒரே கட்டியிலிருந்து வளர்த்த செல்களை எலிகளின் இதயத்தில் ஊசிபோட்டு இரத்தத்தில் விட்டார்கள். சில எலிகளுக்கு எலும்பில் கட்டி வந்தது. அந்த எலும்பிலிருந்து செல்லைப் பிரித்தெடுத்து மறுபடி புது எலிக்கு ஊசி. இப்படிச் சலித்துச் சலித்து எடுத்ததில், எலும்புக்கே போகிற செல்கள் தனியாகக் கிடைத்தன. தாய் செல்லோடு ஒப்பிட்டால், சில மரபணுக்கள் மட்டும் பல மடங்கு உரக்கப் பேசின: ஐஎல்11, ஆஸ்டியோபான்டின், சிடிஜிஎஃப், சிஎக்ஸ்சிஆர்4. 2003இல் வந்த கட்டுரை. முக்கியமான விஷயம், இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து சாதாரண செல்லில் ஏற்றினால் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. மூன்றைச் சேர்த்து ஏற்றியபோதுதான் எலும்பைத் தின்றது. 2005இல் நுரையீரலுக்கு வேறு பட்டியல், 2009இல் மூளைக்கு வேறு பட்டியல். மூளைக்குப் போகிறவற்றில் எஸ்டி6ஜிஏஎல்என்ஏசி5 என்று ஒரு மரபணு, வழக்கமாக மூளையில் மட்டுமே வேலை செய்வது. மார்பக செல் அதை இரவல் வாங்கிக்கொண்டு மூளை இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது.

சிஎக்ஸ்சிஆர்4 பற்றி ஒரு வரி. அது மோப்பம் பிடிக்கிற ஏற்பி. எலும்பு மஜ்ஜை, நுரையீரல், கல்லீரல், நிணநீர் முடிச்சு ஆகிய இடங்களில் அதற்கான வாசனைப் பொருள் அதிகமாகச் சுரக்கிறது என்று 2001இல் கண்டார்கள். மார்பகப் புற்று வழக்கமாகப் போகிற இடங்களைப் பார்த்தால் கிட்டத்தட்ட அதே பட்டியல். இந்த ஏற்பி வெள்ளணுக்கள் வீடு திரும்புவதற்காக இயற்கை வைத்தது. எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல, உடம்பு காயம் ஆற்றவும் கருவில் உறுப்புகளை நகர்த்தவும் வைத்திருக்கிற பழைய சாமான்களைத்தான் புற்று எடுத்துப் பயன்படுத்துகிறது.

ஈரநிலம்:

செல்வழி எப்போதும் செல் பக்கமே நின்று பேசுவார், நான் மறுபக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 1889இல் ஸ்டீஃபன் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைக் கையால் எண்ணிப் பார்த்தார். இரத்தம் எங்கே ஓடுகிறதோ அங்கே கட்டி விழும் என்றால் மண்ணீரலிலும் கல்லீரலிலும் ஒரே மாதிரி விழ வேண்டும். விழவில்லை. கல்லீரலில் நிறைய, மண்ணீரலில் அரிது. செடி காய்த்தால் விதை எல்லாத் திசையிலும் பறக்கும், தகுந்த மண்ணில் விழுந்தது மட்டும்தான் முளைக்கும் என்று எழுதினார். 1928 வாக்கில் ஜேம்ஸ் ஈவிங் வந்து இரத்த ஓட்டத்தின் பாதையே போதும் என்றதும் பேஜட்டை ஓரங்கட்டிவிட்டார்கள். 1970களில் ஐசாயா ஃபிட்லர் மறுபடி எடுத்துத் தூசி தட்டினார். கதிரியக்க அடையாளம் போட்ட புற்று செல்களை எலியின் இரத்தத்தில் விட்டு அவர் எண்ணியதில், 24 மணி நேரத்தில் ஆயிரத்துக்கு ஒன்றுகூட உயிரோடு மிஞ்சவில்லை. அவர் குழுவே 1980இல் எலிக்கு நுரையீரல் துண்டையும் சிறுநீரகத் துண்டையும் உடம்பின் வேறு இடத்தில் ஒட்டவைத்துப் பார்த்தது. நுரையீரலை விரும்பும் மெலனோமா என்ற தோல் புற்று செல்கள் இடம்மாறிய நுரையீரல் துண்டைத் தேடிப்பிடித்து வளர்ந்தன, சிறுநீரகத் துண்டைச் சீண்டவில்லை. இரத்தம் இரண்டிலும் ஓடியது.

எதிர்வாதிக்கு இன்னொன்று. 2015இல் வந்த ஆய்வு. மூளைக்குப் போன மார்பக செல்களில் பிடென் என்ற காவல் மரபணு அணைந்திருந்தது. எழுத்து மாறவில்லை. மூளையில் இருக்கிற ஆஸ்ட்ரோசைட் செல்கள் சிறு சிறு பொட்டலங்களில் ஒரு நுண் ஆர்என்ஏவை (மரபணுவை அடக்கும் சிறு மூலக்கூறு) அனுப்பி அதை அணைத்துவிடுகின்றன. அதே செல்லை மூளையிலிருந்து வெளியே எடுத்து வளர்த்தால் பிடென் திரும்ப எரிகிறது! மண் விதையின் மரபணுவையே அடக்கி ஆளுகிறது. இதில் எந்த மரபணுவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவீர்கள்?

எலும்பும் அப்படித்தான். புற்று செல் ஒரு சமிக்ஞை அனுப்பி எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை எழுப்பிவிடுகிறது. எலும்பு கரைந்தால் உள்ளே பூட்டிவைத்திருந்த டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிப் புரதம் வெளியே வரும். அதைக் குடித்து புற்று இன்னும் வளரும், இன்னும் சமிக்ஞை அனுப்பும். இந்தச் சுழலை உடைக்கத்தான் ஸோலெட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் எல்லாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஆரம்ப நிலையிலேயே ஸோலெட்ரானிக் ஆசிட் போன்ற மருந்துகளைக் கொடுத்தால் எலும்பில் திரும்ப வருவது குறைகிறது என்று 2015இல் பெரிய தொகுப்பாய்வு வந்தது. விதையைத் தொடாமல் மண்ணுக்கு வைத்தியம்.

[நெறியாளர்: இந்த இடத்தில் வந்த மூலிகைக் கேப்சூல் விளம்பரம் நீக்கப்பட்டது. இது மூன்றாவது தடவை.]

கணக்குப்பிள்ளை:

எல்லோரும் ஒரே மூச்சில் ஆஹா என்பதற்குள் ஒரு கசப்பு. மசாகே குழுவின் அந்த மூன்று பட்டியலுக்கும் பெரிய அளவில் அடிப்படையாக இருந்தது எம்டிஏ-எம்பி-231 என்ற ஒரே செல் வரிசை. 1970களில் ஒரே ஒரு பெண்ணின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுத்தது. அதுவும் டிரிபிள் நெகட்டிவ், அதாவது ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன், ஹெர்2 ஆகிய மூன்று ஏற்பியும் இல்லாத வகை. மழைக்காகத்தின் அக்காவுக்கு இருப்பது ஹார்மோன் வகை. இரண்டுக்கும் நடத்தையே வேறு. டிரிபிள் நெகட்டிவ் திரும்ப வருவதாக இருந்தால் முதல் மூன்று வருடத்தில் வருவதுதான் அதிகம், ஐந்து தாண்டினால் நிம்மதி. மூளைக்கும் நுரையீரலுக்கும் போவது கூடுதல். ஹார்மோன் வகை பொறுமைசாலி, எலும்பு பிரியர்.

எண் வேண்டும் என்பவர்களுக்கு: 88 மருத்துவ ஆய்வுகளில் இருந்த 62,923 பெண்களை 2017இல் சேர்த்துப் பார்த்தார்கள், எல்லோரும் ஐந்து வருட ஹார்மோன் மருந்து முடித்து நோயின்றி இருந்தவர்கள். சிறிய கட்டி, நிணநீர் முடிச்சில் எதுவும் இல்லை என்ற மிக நல்ல நிலையில் இருந்தவர்களுக்கே 5 முதல் 20ஆம் வருடத்துக்குள் தொலைவில், அதாவது வேறு உறுப்பில், திரும்ப வரும் அபாயம் 13 சதவீதம். நான்கு முதல் ஒன்பது முடிச்சு என்றால் 34. ஆகவே மழைக்காகம், ஒன்பதாவது வருடம் வந்ததற்கு யாருடைய கவனக்குறைவும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. இந்த வகை அப்படித்தான்.

மழைக்காகம்:

அந்தக் கடைசி வரிக்கு நன்றி. அக்கா ஒரு தடவை மாத்திரையை இரண்டு வாரம் விட்டுவிட்டார், அதனால்தான் என்று இன்றுவரை தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் ஒன்று புரியவில்லை. ஒன்பது வருடம் அந்த செல் எங்கே இருந்தது?

கணக்குப்பிள்ளை:

பெரும்பாலும் அங்கேயேதான், எலும்பு மஜ்ஜையில். அறுவை சிகிச்சை சமயத்திலேயே மஜ்ஜையை உறிஞ்சி எடுத்துப் பார்த்த 4,703 பேரின் தரவு 2005இல் வந்தது. சுமார் 30 சதவீதம் பேருக்கு அன்றைக்கே அங்கே மார்பக செல் இருந்தது. அவர்களில் பலருக்குக் கடைசிவரை எதுவும் வரவில்லை. போவது ஒரு விஷயம், முளைப்பது வேறு விஷயம்.

செல்வழி:

தூங்குகிற செல் பற்றி நானும் சேர்க்கிறேன். உறங்குவதற்கும் மரபணு வேலை செய்ய வேண்டும், அது செத்த நிலை கிடையாது. நிலையான இரத்தக் குழாயை ஒட்டி உட்காரும் செல்லை அந்தக் குழாய் த்ராம்போஸ்பான்டின்-1 என்ற புரதத்தால் அடக்கி வைத்திருக்கிறது, அதே குழாய் புதிதாகத் துளிர்விடும்போது நுனியில் சுரப்பது மாறி, செல்லை எழுப்பிவிடுகிறது என்று 2013இல் காட்டினார்கள். எலி நுரையீரலில் தொடர்ச்சியான அழற்சி வந்தால், வெள்ளணுக்கள் வீசும் வலையே சுற்றியிருக்கும் புரதத்தை வெட்டி, தூங்கும் செல்லை எழுப்புகிறது என்று 2018இல் இன்னொரு ஆய்வு. மனிதரில் ஒவ்வொருவருக்கும் எது எழுப்பியது என்று பின்னோக்கிச் சொல்ல முடியாது. இரண்டு வாரம் விட்ட மாத்திரைதான் என்று யாரும் நிரூபிக்க முடியாது, அக்காவிடம் இதையும் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை சொன்ன செல் வரிசைக் குறை உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் துறையில் இன்னொரு சறுக்கலும் உண்டு. இ-கேடெரின் என்பது செல்லோடு செல்லை ஒட்டவைக்கிற பசை. அது போனால்தான் செல் பிரிந்து ஓடும் என்று பல வருடம் பாடம் எடுத்தோம். ட்விஸ்ட், ஸ்நெயில் மாதிரியான மரபணுக்கள் வந்து அந்தப் பசையை அணைக்கும், செல் கூட்டை விட்டு நகரும், இதுதான் கதை. 2019இல் எலிகளில் செய்த ஆய்வில் பசையை எடுத்துவிட்டால் செல் நன்றாகத்தான் ஊடுருவியது, ஆனால் வழியில் செத்துப்போனது, பரவல் குறைந்தது! பால் குழாய் வகைக் கட்டிகளில் பசை புற்று செல்லின் உயிரைக் காக்கிறதாம். பால் சுரக்கும் மடல்களின் பெயரால் அழைக்கப்படும் லோபுலர் வகையிலோ, இந்தப் பசையைச் செய்யும் சிடிஹெச்1 மரபணு ஆரம்பத்திலேயே கெட்டுப் பசையே இருக்காது, ஆனாலும் அது பரவுகிறது, அதுவும் வயிற்று உறை, குடல், சினைப்பை என்று விநோதமான இடங்களுக்கு. ஒரே மரபணு, ஒரு வகையில் இழந்தால் கெடுதல், இன்னொரு வகையில் இருந்தால் கெடுதல்.

2014இல் தெரிந்த இன்னொன்றும் இதோடு சேரும். இரத்தத்தில் தனியாகப் போகிற செல்லைவிட நாலைந்து சேர்ந்து கும்பலாகப் போகிறவை எலிகளில் 23 முதல் 50 மடங்கு அதிகமாகக் கட்டியாகின்றன. பிளாக்கோகுளோபின் என்ற ஒட்டுப் புரதத்தை அடக்கினால் கும்பல் கலைந்துவிடுகிறது.

எதிர்வாதி:

சரி, ஒரு மரபணு இல்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன், அரை மனதோடு. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். முதல் கட்டியை வைத்தே பரவுமா என்று சொல்கிற பரிசோதனைகள் இருக்கின்றனவே, 70 மரபணு, 21 மரபணு என்று. ஒன்றும் எழுதிவைக்கப்படவில்லை என்றால் அவை எப்படி வேலை செய்கின்றன?

செல்வழி:

நல்ல கேள்வி, இந்த இழையிலேயே இதுதான் நல்ல கேள்வி. விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்பதைப் போல, கட்டி மார்பகத்தில் இருக்கும்போதே அதன் மரபணுக்கள் பேசுகிற தொனி பின்னால் என்ன செய்யும் என்பதைக் காட்டுகிறது. 70 மரபணுப் பட்டியலை நெதர்லாந்துக்காரர்கள் 2002இல் வெளியிட்டார்கள். அதுவரை, கட்டியில் கோடியில் ஒரு செல் கடைசி நேரத்தில் பரவக் கற்றுக்கொள்கிறது என்றுதான் நினைத்தோம். அப்படியென்றால் மொத்தக் கட்டியை அரைத்துப் படித்தால் அந்த ஒரு செல்லின் குரல் கேட்கவே கூடாது. ஆனால் கேட்டது. ஆக, அந்தச் சுபாவம் கட்டி முழுவதிலும் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், இந்தப் பரிசோதனைகள் எதுவும் மாறிய எழுத்துகளைத் தேடவில்லை, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கின்றன. அதில் பெரும் பங்கு செல் எவ்வளவு வேகமாகப் பிரிகிறது என்பதுதான்.

எதிர்வாதி:

அப்படியானால் பிறவியில் வந்த மரபணுவுக்குப் பரவலில் பங்கே கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா? கொலஸ்ட்ரால் மரபணு ஒன்றைப் பற்றிச் செய்தி படித்தேன்.

கணக்குப்பிள்ளை:

போடமாட்டார், போடவும் கூடாது. நீங்கள் படித்தது பிசிஎஸ்கே9. ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் சோஹைல் டவஸோயி குழு 2024 கடைசியில் வெளியிட்டது. கட்டியில் உள்ள மாற்றம் கிடையாது, பிறக்கும்போதே பலருக்கும் இருக்கிற சாதாரண வேறுபாடு. வெள்ளை இனப் பெண்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு அதன் இரண்டு பிரதியும் உண்டு. ஸ்வீடன் நோயாளிகளில் அப்படி இரண்டு பிரதியும் உள்ளவர்களுக்கு 15 வருடத்தில் பரவிய அபாயம் 22 சதவீதம், மற்றவர்களுக்கு 2. எலியில் அந்த வேறுபாட்டைப் புகுத்தினால் பரவல் கூடியது, பிசிஎஸ்கே9ஐத் தடுக்கும் எதிர்ப்புரதம் கொடுத்தால் குறைந்தது. இரண்டாவது பாதி இல்லாவிட்டால் வெறும் புள்ளிவிவரப் பொருத்தம் என்று ஒதுக்கியிருப்பேன்.

இந்த யோசனை புதிதும் கிடையாது. கென்ட் ஹன்டர் 1990களிலேயே ஒரே புற்று மரபணுவைச் சுமக்கிற ஆண் எலியைப் பலவகை எலிகளோடு இணைசேர்த்தார். குட்டிகள் எல்லாவற்றிலும் கட்டியை உண்டாக்குவது ஒரே மரபணு, ஆனால் நுரையீரலுக்குப் பரவிய அளவு தாய் எந்த வகை என்பதைப் பொறுத்து மாறியது. அதிலிருந்துதான் 2005இல் சிபா1 என்ற மரபணுவைப் பிடித்தார்கள். கட்டி ஒன்றே, அதைச் சுமக்கும் உடம்பு, அதாவது வீட்டுக்காரர், வேறு.

ஆனால் 70 சதவீதம் பேரிடம் இருக்கிற ஒன்றை "பரவல் மரபணு" என்று சொல்ல முடியாது. அதை வைத்து இன்றைக்கு யாருக்கும் சிகிச்சை மாற்றுவதும் இல்லை. மழைக்காகம், இணையத்தில் பணம் கட்டி உங்கள் மகளுக்கு இதைச் சோதிக்கப் போகாதீர்கள்.

ஈரநிலம்:

வீட்டுக்காரர் என்றால் மண்தானே? நான் முதலிலேயே சொன்னேன்.

கணக்குப்பிள்ளை:

சொன்னீர்கள், சொன்னீர்கள். ஆனால் வீட்டுக்காரரின் மரபணு கட்டிக்குள்ளும் இருக்கிறது, ஏனென்றால் கட்டியும் அவர் செல்லிலிருந்து வந்ததுதான். விதையா மண்ணா என்று பிரிக்கவே முடியாத இடம் அது.

வெண்பஞ்சு:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பயாப்ஸி ஊசி போட்டதால் பரவியது என்று எங்கள் வீட்டில் ஒருவர் உறுதியாக நம்புகிறார். அப்படி உண்டா?

பழைய நர்ஸ்:

ஊசி போன தடத்தில் ஒன்றிரண்டு செல் நகரும் என்பது உண்மை. அவை பெரும்பாலும் அங்கேயே செத்துவிடும். மேலே ஈரநிலம் எழுதியதைப் பாருங்கள், இரத்தத்திலேயே நேராக ஊற்றினால்கூட ஆயிரத்துக்கு ஒன்று பிழைப்பதில்லை. பயாப்ஸி இல்லாமல் எந்த வகை என்றே தெரியாது, தெரியாமல் எந்த மருந்தைக் கொடுப்பது? தனி இழை போடுங்கள், விரிவாக எழுதுகிறேன்.

மழைக்காகம்:

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன், அவர் சிரித்துவிட்டு "யார் சொல்லிக் கொடுத்தார்கள்" என்றார்.

ஈஎஸ்ஆர்1 பற்றி செல்வழி சொன்னதையே சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் இடுப்பெலும்பில் எடுத்த துண்டில் அது இருந்ததா என்று கேட்டேன். அந்த மாதிரியில் டிஎன்ஏ கெட்டுப்போய் எதுவும் படிக்க முடியவில்லை என்று அப்போதே எழுதியிருக்கிறார்களாம். கல்லீரலில் ஒரு துண்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார், இந்த வியாழக்கிழமை. ஏற்பிகள் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பிறவி மரபணுவுக்கும் தனியாக இரத்தம் கொடுத்திருக்கிறோம், 41 வயதில் வந்தது என்பதாலேயே அதை எப்போதோ செய்திருக்க வேண்டும் என்றார். முடிவு வர மூன்று வாரம்.

பழைய நர்ஸ்:

எலும்புத் துண்டில் அது சகஜம் தம்பி. எலும்பை வெட்டுவதற்கு முன் அமிலத்தில் ஊறவைத்து மெதுவாக்குவார்கள், அமிலம் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். கல்லீரல் துண்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஏற்பி மாறுவதும் உண்மைதான், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முதல் கட்டியில் இருந்ததிலிருந்து மாறிப்போகிறது.

செல்வழி:

பிறவிப் பரிசோதனை பிள்ளைகளுக்காக மட்டும் இல்லை. பிஆர்சிஏ இருந்தால் அக்காவுக்கே ஓலாபரிப் மாதிரி இன்னொரு மருந்து வரிசை திறக்கும். மொத்த மார்பகப் புற்றுகளில் பிறவி மாற்றத்தால் வருவது 5 முதல் 10 சதவீதம்தான், அதையும் நினைவில் வையுங்கள்.

மழைக்காகம்:

இந்த இழையை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தச் சொல்லி, "1.8 சதவீதம்தானே, அதுக்கா இத்தனை நாள் சாப்பிடாம இருந்தீங்க" என்றார். அப்புறம் அந்த இரண்டு வார மாத்திரை விஷயத்தைப் பற்றி எழுதியதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

பழைய நர்ஸ்:

நல்லது. வியாழக்கிழமை போவதற்கு முன், இரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பார்த்து இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள், ஆஸ்பிரின் உட்பட. அன்றைக்குக் காலையில் சொன்னால் தேதியைத் தள்ளிவைத்துவிடுவார்கள்.